மாதையன் மிதிக்கவில்லை

"மிதிச்சா ஓடணும், விட்டா நிக்கணும். இதுக்குப் போயி ஒரு இன்ஜினியர், அவங்களுக்கு ஒரு ஏசி ரூமு!" என்று என் தம்பி வீட்டுக்கு வரும்போதெல்லாம் கிண்டல் செய்வான். நான் ஓய்வுபெற்று ஒன்றரை வருடம் ஆகிவிட்டது, அவன் கிண்டல் இன்னும் ஓயவில்லை. ஓசூரில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் என்று ஊரார் பாதத்துக்கு அடியில்தான் என் காலம் முழுவதும் போனது. அதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை.

போன மாதம் நான் நம் பிரிவுக்கு வந்திருந்தபோது, புதிதாகச் சேர்ந்த நீங்கள் நாலைந்து பேர் கேண்டீனில் என்னைச் சுற்றி உட்கார்ந்து, "மேடம், நீங்க செஞ்சதுலயே பெரிய சாதனை எது?" என்று கேட்டீர்கள். அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. சாதனையை எல்லாரும் நன்றாகவே அளப்பார்கள். நான் செய்த பெரிய தப்பைச் சொல்கிறேன், அதுதான் உங்களுக்கு உபயோகப்படும். படித்துவிட்டு யாரும் "பரவால்ல மேடம், விடுங்க" என்று எனக்கு மெசேஜ் அனுப்ப வேண்டாம். எனக்குக் கெட்ட கோபம் வரும்.

சின்னச் சரக்கு வண்டிகள் செய்யும் ஒரு கம்பெனி எங்களிடம் ஒரு ஆக்சிலரேட்டர் பெடல் கேட்டிருந்தது. வண்டி ஒரு வேகத்தைத் தாண்டினால் அந்தப் பெடல் டிரைவரின் காலை எதிர்த்துத் தள்ள வேண்டும். போதும்ப்பா, கொஞ்சம் மெதுவாகப் போ என்று பாதத்துக்கே சொல்லிவிடும். அதையும் மீறி அழுத்தினால் போகலாம், தடுக்காது. இந்தத் தொல்லையே வேண்டாம் என்கிற டிரைவர், டாஷ்போர்டில் ஒரு ஸ்விட்சைத் தட்டினால் தள்ளுவது நின்றுவிட வேண்டும். பெடலுக்குள்ளே ஒரு சின்ன மோட்டார் வைத்தோம். மோட்டார் தள்ளினால் பெடல் முரண்டு பிடிக்கும், மோட்டாரை நிறுத்தினால் எல்லா வண்டியிலும் இருக்கிற சாதாரணப் பெடல் ஆகிவிடும்.

டிசைன் குறிப்பின் முதல் பக்கத்தில் நான் எழுதிய வரி இது: "எந்தச் சந்தேகம் வந்தாலும் மோட்டாரை நிறுத்திவிடு. நிறுத்தினால் அது சாதாரணப் பெடல், ஆபத்து இல்லை." ஸ்விட்சைத் தட்டினாலும் சரி, ஒயர் கழன்றாலும் சரி, ஃப்யூஸ் போனாலும் சரி, முடிவு ஒன்றுதான், சாதாரணப் பெடல். எவ்வளவு எளிமையாக யோசித்திருக்கிறேன் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

அந்தப் பெடலைப் பொருத்திய வண்டியை ஓட்டிப் பார்க்க எங்களுக்கு வாய்த்தவர் மாதையன். ஊத்தங்கரைப் பக்கத்துக்காரர். இருபது வருஷத்துக்கு மேல் லாரி ஓட்டியவர். இடுப்பு வலி தாங்காமல் லாரியை விட்டுவிட்டு, எங்களிடம் காண்ட்ராக்டில் டெஸ்ட் டிரைவராக வந்திருந்தார். அந்த மாதம் அவரை நிரந்தரம் ஆக்குவதாகப் பேச்சு. "ஆர்டர் கைக்கு வந்தா குடும்பத்த ஓசூருக்கே கூட்டியாந்துடுவேன் மேடம். வாரத்துக்கு ஒரு வாட்டி பஸ்ல போயி வந்து இந்த இடுப்பு செத்துப் போச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெண்டாட்டி இங்கே வாடகை வீடுகூடப் பார்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார்.

மாதையனிடம் ஒரு பழக்கம் இருந்தது. கம்பெனி கொடுத்த சேஃப்டி ஷூவைக் கழற்றி சீட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டு வெறுங்காலில்தான் ஓட்டுவார். லாரிக்காரர்கள் பலருக்கு அப்படித்தான் பழக்கம். "ஷூ போட்டா வண்டி இன்னா சொல்லுதுன்னு காலுக்குக் கேக்க மாட்டேங்குது மேடம்" என்பார். கம்பெனி விதிப்படி அது தப்பு. எங்கள் எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் கண்டுகொண்டதில்லை.

ஒரு நாள் காலை பதினோரு மணி இருக்கும். தொழிற்சாலைக்குப் பின்னாலிருக்கும் ஓட்டத் திடலில் டெஸ்ட். வண்டியில் மணல் மூட்டைகள் ஏற்றியிருந்தோம். இருபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் பெடல் தள்ளுமாறு வைத்திருந்தோம். மாதையன் ஓட்ட, நான் பக்கத்து சீட்டில் மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். டாஷ்போர்டு ஸ்விட்ச் செய்வதை லேப்டாப்பிலிருந்தும் செய்யலாம்.

திடலில் ஒரு மேடு உண்டு. ஏறி முடித்ததும் இடப்பக்கம் திரும்ப வேண்டும், நேரே போனால் சைக்கிள் ஸ்டாண்டு. பாரம் இருந்ததால் மாதையன் பெடல் எதிர்ப்பதையும் மீறி நன்றாக அழுத்தி மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார். எனக்கு வேண்டிய பதிவு கிடைத்துவிட்டது. அடுத்த பதிவுக்காக லேப்டாப்பில் தட்டி மோட்டாரை நிறுத்தினேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

வண்டி ஒரு பாய்ச்சல் பாய்ந்தது. லேப்டாப் என் மடியிலிருந்து பறந்தது. சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் நின்றிருந்த செக்யூரிட்டி வெங்கடப்பா, "ஏய், நில்ஸு, நில்ஸு!" என்று கன்னடத்தில் கத்திக்கொண்டே பக்கத்துக் காய்ந்த கால்வாயில் குதித்தார். மாதையன் பிரேக்கில் ஏறி நின்றும், இரண்டு பைக்கைச் சாய்த்துவிட்டுத்தான் வண்டி நின்றது. குதித்ததில் வெங்கடப்பாவுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது.

நான் இறங்கிய வேகத்தில் என்ன செய்தேன் தெரியுமா? அத்தனை பேர் முன்னால் மாதையனைப் பார்த்துக் கத்தினேன்.

"கண்ண எங்க வெச்சிட்டு ஓட்டுறீங்க? எதுக்கு அப்படிப் போட்டு மிதிச்சீங்க? ஆள் செத்திருந்தா யாரு பதில் சொல்றது?"

"நான் மிதிக்கல மேடம். அது கால உட்டுடுச்சு" என்றார்.

கால உட்டுடுச்சாம்! பயத்தில் உளறுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளே விசாரணை. வண்டியின் பதிவைப் போட்டுப் பார்த்தோம். கால்வாசி அழுந்தியிருந்த பெடல், கண் சிமிட்டும் நேரத்தில் முக்கால்வாசிக்குப் போயிருந்தது. மனிதவளப் பிரிவு அதிகாரி கேட்டார், "மாதையன், பெடல் தானா கீழ போகுமா?"

"போவாதுங்க."

"அப்ப உங்க கால்தான தள்ளியிருக்கு?"

"ஆமாங்க. கால்தான் தள்ளுச்சு. ஆனா நான் தள்ளலீங்க."

அதிகாரி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். மாதையன் எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, கடைசியில் என்னைப் பார்த்தார். நான் சிரிக்கவில்லைதான். ஆனால் வாயும் திறக்கவில்லை. ஷூ போடாமல் ஓட்டியது அடுத்து வந்தது. அதோடு அவர் கதை முடிந்தது. "பெடலில் பழுது இல்லை. ஓட்டுநர் தேவைக்கு மேல் மிதித்திருக்கிறார்" என்று தொழில்நுட்பக் குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான்தான். நிரந்தரம் ஆவது இருக்கட்டும், அந்த வாரக் கடைசியோடு காண்ட்ராக்டையே முடித்துவிடுவது என்று ஆயிற்று.

லேப்டாப்பில் நான் தட்டியதை மறைத்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மறைக்கும்படியான விஷயம் அது என்றே எனக்குத் தோன்றவில்லை. நிறுத்தினால்தான் சாதாரணப் பெடல் ஆயிற்றே, ஆபத்து இல்லையே, முதல் பக்கத்தில் நானே எழுதியிருக்கிறேனே! மறைத்திருந்தால்கூடக் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

இரண்டு நாள் கழித்து, லாக்கர் சாவியையும் ஷூவையும் ஒப்படைக்க மாதையன் வந்தார். நான் ஷெட்டில் அந்த வண்டிப் பக்கத்தில் தனியாக நின்றிருந்தேன். வாசலில் நின்று, "மேடம், ஒரே ஒரு நிமிசம்" என்றார். வேலைக்குச் சிபாரிசு கேட்கப் போகிறார் என்று எனக்கு எரிச்சல்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. நான் வெளிய நின்னு இந்தக் கதவப் புடிச்சுக்கறேன். நீங்க உள்ள இருந்து தள்ளுங்க."

"எனக்கு வேற வேலை இல்லையா மாதையன்?"

"ஒரு வாட்டி தள்ளுங்க மேடம். அப்பறம் நான் போயிடறேன்."

ஆளுயரத் தகரக் கதவு அது. அவர் வெளியே போய்த் தோளைக் கொடுத்து நின்றுகொண்டார். நான் தள்ளினேன். அசையவில்லை. "இன்னும் தள்ளுங்க" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இரண்டு கையையும் ஊன்றி உடம்பு பலத்தையெல்லாம் போட்டுத் தள்ளினேன். மனுஷன் சொல்லாமல் கொள்ளாமல் தோளை எடுத்துவிட்டார்.

கதவோடு சேர்ந்து நானும் போய் வெளியே சிமென்ட் தரையில் விழுந்தேன். முட்டி இரண்டும் சிராய்த்துவிட்டது. "ஐயையோ, ரொம்பப் பட்டுடுச்சா மேடம்?" என்று ஓடி வந்தவர், கையைக் கொடுத்துத் தூக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். நான் திட்டுவதற்கு வாயைத் திறந்தேன்.

"கோச்சுக்காதீங்க மேடம். எனக்கு வாயில சொல்லத் தெரியல. இப்ப வுழுந்தீங்களே, நீங்களாவா வுழுந்தீங்க?"

என் கால்கள்தான் ஓடின. என் கைகள்தான் தள்ளின. நானாக விழவில்லை. "சாவியைக் கொடுத்துடாதீங்க. இங்கயே இருங்க" என்று மட்டும் அவரிடம் சொன்னேன்.

என் குழுவில் இருந்த கவிதாவைக் கூப்பிட்டு லேப்டாப்பைக் கையில் கொடுத்தேன். இன்ஜின் ஓடவில்லை, பெடலுக்கு மட்டும் கரண்டு கொடுத்து லேப்டாப்பிலிருந்தே அதைத் தள்ள வைத்தோம். "நான் அழுத்திக்கிட்டே இருப்பேன். எப்ப வேணும்னாலும் மோட்டாரை நிறுத்து. என்கிட்ட சொல்லாதே" என்றேன். பெடல் எதிர்த்துத் தள்ள, நான் அதை அழுத்திக்கொண்டு காத்திருந்தேன். திடீரென்று என் கால் தொபுக்கென்று தரைவரை போயிற்று. நான் ஒன்றும் செய்யவில்லை. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று பத்துத் தடவை பார்த்தோம். பத்திலும் போயிற்று. பிறகு டாஷ்போர்டு ஸ்விட்சை என் கையாலேயே தட்டினேன். கால் அசையவே இல்லை. கை ஸ்விட்சுக்குப் போகும்போதே கால் தன்னைத் தளர்த்திக்கொண்டுவிட்டது.

கவிதா லேப்டாப்பைக் கீழே வைத்தாள். "மேடம், இத்தன மாசமும் நாமளே ஸ்விட்சத் தட்டி நாமளேதான மிதிச்சுப் பார்த்தோம்?"

அதேதான். லேபிலும் இயந்திரக் காலை வைத்துப் பல்லாயிரம் தடவை சோதித்திருந்தோம். அது சொன்ன இடத்தில் போய் நிற்கிற கால். எதிர்த்துத் தள்ளுவது நின்றால் தடுமாறி விழுகிற கால் மனிதனிடம்தான் இருக்கிறது. அந்தக் காலை நாங்கள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஃப்யூஸ் போகும்போது எந்த டிரைவரிடமும் சொல்லிக்கொண்டு போவதில்லையே! அந்த வண்டிகள் ரோட்டுக்கு வந்திருந்தால்? ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடக்கிற கூட்டம் என் கண் முன்னால் வந்து நின்றது.

நேராக எங்கள் பிரிவுத் தலைவரிடம் போனேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். முழுக்கக் கேட்டார். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ரோஸ்லின், டிசைனை மாத்துங்க. யார் வேணாம்னது? ஆனா அந்தக் குறிப்பைக் கிளற வேணாம். அடுத்த வாரம் அந்தக் கம்பெனி ஆளுங்க வண்டியப் பார்க்க வர்றாங்க. மாதையன் ஷூ போடலங்கறது நெஜம்தான? அது ஒண்ணே போதும் அனுப்பறதுக்கு. நீங்க எதுக்கு நடுவுல போயி தலையக் கொடுக்கறீங்க?"

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். அவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. ஷூ போடாதது நிஜம். டிசைனை மாற்றினால் ரோட்டில் யாருக்கும் ஆபத்து இல்லை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது, மாதையன் ஒருவர் மட்டும் ஊத்தங்கரை பஸ்ஸில் ஏறிப் போய்விட வேண்டும், அவ்வளவுதான். போகிற இடமெல்லாம் கண்மண் தெரியாமல் மிதித்து ஒரு ஆளின் கையை முறித்தவர் என்ற பெயர் அவர் கூடவே போகும். அந்தப் பெயரோடு யார் அவரிடம் வண்டிச் சாவி கொடுப்பார்கள்?

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் உடனே பொங்கி எழவில்லை. "யோசிக்கிறேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். ரிட்டயர் ஆக இன்னும் கொஞ்ச வருஷம்தான், இந்தப் பெடல்தான் கடைசிப் பெரிய வேலை, இது என் பெயரில் வர வேண்டும் என்ற ஆசை எனக்கு அவ்வளவு இருந்தது. ஜன்னல் வழியே பார்த்தால் மாதையன் ஷெட் வாசலில் ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். இருங்கள் என்று நான் சொன்னதற்காக உட்கார்ந்திருந்தார். ஒரு மணி நேரமாகியும் என்ன ஏது என்று யாரிடமும் கேட்கவில்லை. அதற்கு மேல் என்னால் அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை.

புதுக் குறிப்பு எழுதினேன். "மோட்டாரை நிறுத்தியது நான். ஓட்டுநருக்குச் சொல்லவில்லை. நிறுத்தினால் ஆபத்து இல்லை என்ற என் கணிப்பு தவறு. ஓட்டுநர் மிதிக்கவில்லை." நாலே வரி. பிரதி எடுத்து மனிதவளப் பிரிவுக்கும் பிரிவுத் தலைவருக்கும் ஒரே நேரத்தில் கொடுத்தேன். ஒருவருக்கு முதலில் கொடுத்தால் மற்றவருக்குப் போகாமலே நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும்.

மனிதவள அதிகாரி நம்பவில்லை. "டிரைவருக்குப் பாவம் பார்க்கறீங்க மேடம்" என்றார். நான் அவரை ஷெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, பெடலை அழுத்தச் சொன்னேன். கவிதா பின்னால் நின்று தட்டினாள். அவர் கால் தரையில் போய் டமாரென்று முட்டியது. விதிப்படி ஷூ போட்டிருந்தார் மனுஷன். இறங்கி, வாசலில் இருந்த மாதையன் பக்கத்தில் போய், "சிரிச்சிருக்கக் கூடாதுங்க" என்றார். அவர் மேல் எனக்கு அன்றைக்கு மதிப்பு வந்தது.

அந்தக் கம்பெனி ஆட்கள் வருவது தள்ளிப்போனது, நாங்கள் வாங்கிக் கட்டிக்கொண்டோம். திட்டத்தின் தலைமை என்னிடமிருந்து வேறொருவருக்குப் போனது, அவருக்குக் கீழே நான் வேலை செய்தேன். வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். மாதையனுக்கு ஷூ விஷயத்தில் ஒரு எச்சரிக்கைக் கடிதம், இரண்டு மாதம் கழித்து நிரந்தர ஆர்டர். கையில் மாவுக்கட்டோடு இருந்த வெங்கடப்பாவைப் பார்க்கப் போனேன். "எலும்பு கூடிக்கும் மேடம். அந்தாளு வேலைய மட்டும் எடுத்துடாதீங்க, குடும்பஸ்தன்" என்று அவர் எனக்குச் சொன்னார்.

ஆர்டர் வாங்கிய அன்று மாதையன் எனக்கும் சேர்த்து டீ வாங்கிக்கொண்டு வந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் டீயைக் குடித்து முடித்தார். பிறகு, குரலை உயர்த்தாமல், "கையெழுத்துப் போடறதுக்கு முந்தி என்னைய ஒரு வாட்டி கூப்ட்டுக் கேட்டிருக்கலாமே மேடம்" என்றார். என் கிளாஸை வாங்கி வைத்துவிட்டுப் போய்விட்டார். மனசு ஆறிவிட்டதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

பெடலை மாற்றினோம். ஸ்விட்சைத் தட்டினாலும் மோட்டார் சட்டென்று விடாமல் பையப் பைய விடும்படி செய்தோம். கரண்டே போனாலும் பெடல் தொபுக்கென்று இறங்காதபடி, இறங்கும்போது மட்டும் பிடித்துக்கொள்ளும் ஒரு பாகத்தை உள்ளே சேர்த்தோம். மிச்சமிருந்தது ஒன்றுதான். அதே திடலில், அதே மேட்டில், ஓட்டுகிறவருக்குச் சொல்லாமல் நிறுத்திப் பார்க்க வேண்டும். யார் ஓட்டுவது என்று பேச்சு வந்தபோது, "நான் ஓட்டறேன்" என்று மாதையனே முன்னால் வந்தார்.

மறுபடியும் நான் பக்கத்து சீட்டில், மடியில் லேப்டாப். சைக்கிள் ஸ்டாண்டைக் காலி பண்ணி, மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஈ காக்கா இல்லாமல் பார்த்துக்கொண்டோம். முதல் சுற்றில் மேடு வந்தது. என் விரல் தட்ட மறுத்துவிட்டது. இரண்டாவது சுற்றிலும் அப்படியே.

"எப்ப வேணா நிறுத்துங்க மேடம். ஆனா சொல்லாதீங்க. சொல்லிட்டா அது டெஸ்ட்டே இல்ல" என்றார் ரோட்டைப் பார்த்தபடி.

மூன்றாவது சுற்று. மேட்டில் பாதி ஏறியிருந்தோம். அவர் பெடலை எதிர்த்து அழுத்திக்கொண்டிருப்பது தொடையில் தெரிந்தது. கர்த்தரே என்று சொல்லிக்கொண்டு தட்டிவிட்டேன். வண்டி அதே சீராக ஏறியது, திரும்பியது, இறங்கியது. மேட்டின் அடிக்கு வந்ததும் மாதையன் சிரித்தார்.

"இன்னா மேடம், இன்னும் பயமா? நிறுத்துங்க, நான் பார்த்துக்கறேன்."

"மேட்டுல பாதியிலயே நிறுத்திட்டேன், மாதையன்."

அவர் வண்டியை ஓரம் கட்டினார். "நெஜமாவா?" என்றார். லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்ததில் எழுத்து ஒன்றும் தெரியவில்லை. துடைத்துக்கொண்டு, டெஸ்ட் குறிப்பைத் திறந்து வைத்துவிட்டு, ஒரு எழுத்துகூட அடிக்காமல் அவரிடம் கேட்டேன்:

"சொல்லுங்க. உங்க காலுக்கு எப்படி இருந்துச்சு?"

மாதையன் அவசரப்படவில்லை. காலைத் தூக்கிப் பார்த்தார், பெடலைப் பார்த்தார்.

"அது கால உடல மேடம்" என்றார். "கையப் புடிச்சு எறக்கி உடற மாதிரி எறக்கி உட்டுச்சு."

அதை ஒரு சொல் மாற்றாமல் அப்படியே அடித்தேன். பிரிண்ட் எடுத்து, கையெழுத்துப் போடும் இடத்தில் முதலில் அவரைப் போடச் சொன்னேன்.